ஒத்தக்கொம்பில் உட்கார்ந்திருந்தவர்கள்

சத்தியம்! ஓங்கி அடித்துச் சொல்கிறேன், சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம்! இனி நான் சொல்லப் போவதில் ஒரு சொல், ஒரே ஒரு சொல் பொய்யென்றாலும் என் வேட்டி நடுச்சந்தையில் அவிழ்ந்து விழட்டும், நான் குடிக்கிற டீயில் பல்லி மிதக்கட்டும், எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லில் மூன்று இன்றைக்கே கொட்டட்டும். மற்ற கதைகளில் நான் கொஞ்சம் உப்புப் புளி கூட்டுவதுண்டு, ஒத்துக்கொள்கிறேன்; முதலை பீடி குடித்த கதையில் முதலை பீடி குடிக்கவில்லை, வாயில் வைத்திருந்தது, அவ்வளவுதான். இதில் அந்த வேலையெல்லாம் கிடையாது.

ஓடக்கரைப்பட்டி என்று ஓர் ஊர். ஊருக்கு முன்னால் ஏரி, பேர் பெரியதண்ணி. ஏரிக்கு அக்கரையில், தண்ணீருக்குள்ளிருந்தே எழுந்து நிற்பதுபோல ஒரு மலை. அந்த மலையின் உச்சியில் ஒரே ஒரு கொம்பு. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும், படித்துறையில் துணி அலசிக்கொண்டே பார்த்தாலும், நடுத்தண்ணீரில் பரிசலில் மல்லாந்து கிடந்து பார்த்தாலும் ஒரே கொம்புதான். ஆகையால் அதற்கு ஒத்தக்கொம்பு மலை என்று பேர் வைத்து, அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்து முகப்பிலும் பால் சொசைட்டி பலகையிலும் எழுதி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, மலையைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று ஊர் நிம்மதியாக இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆடிக்காற்றில் வலை விரிக்கப் போன சோணமுத்துவின் பரிசல் கவிழ்ந்து, பரிசல் மட்டும் கரைக்கு வந்தது. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் முங்கி முங்கித் தேடினார்கள். ஒற்றைச் செருப்பு, ரெண்டு சாராயப் பாட்டில், போன தேர்தலில் காணாமல் போன மைக்செட் குழாய் எல்லாம் கிடைத்தன, சோணமுத்து கிடைக்கவில்லை. நாலாம் நாள் மலையில் தேன் எடுக்கப் போனவர்கள் விழுந்தடித்து இறங்கி வந்து, சோணமுத்து கொம்பின் உச்சியில் சம்மணம் போட்டு ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டால் பேசமாட்டேன் என்கிறான் என்றார்கள். போய்ப் பார்த்தால் அப்படித்தான். செத்துத்தான் இருந்தான். ஆனால் உடம்பு ஊதவில்லை, கெடவில்லை. கட்டியிருந்த கைலியிலிருந்து அந்த வெயிலிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சட்டைப்பையில் ஒரு கெண்டைக்குஞ்சு உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஊர் என்ன செய்யும்? அழுதது. பிறகு தூக்கிக்கொண்டு வந்தது. ஏரி ஒரு போலீஸ் ஸ்டேஷன், மலையுச்சி பக்கத்து மாவட்டத்து ஸ்டேஷன். தண்ணியில செத்தவன் உங்க ஆளு என்று அந்த அதிகாரியும், மலையில உக்காந்திருந்தவன் உங்க ஆளு என்று இந்த அதிகாரியும் அரைநாள் மல்லுக்கட்டி, கடைசியில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு 'நீரில் மூழ்கி, கரை ஒதுங்கி' என்று எழுதி முடித்தார்கள். எவ்வளவு உயரத்துக் கரை என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை.

அடுத்த வருஷம் ரெண்டு பேர், அதற்கடுத்த வருஷம் ஒருத்தர். பெரியதண்ணியில் மூழ்கியவர்கள் பெரியதண்ணியில் கிடைப்பதில்லை, கொம்பில்தான் கிடைப்பார்கள் என்று ஆகிப்போனது. ஏன் என்று கேட்டவர்கள் ஒரு மாதம் கேட்டு ஓய்ந்தார்கள். எப்படித் தூக்குவது என்று கேட்டவர்கள்தான் அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடி, கொம்புக் கமிட்டி என்று ஒன்று போட்டு, நெஞ்சுரமும் நீண்ட கையும் உள்ள வாலகுருவைத் தலைவராக்கியது. பாறைகளில் இரும்பு வளையம் அடித்துக் கயிறு மாட்டினார்கள். பாதைக்குப் பேர்கள் தாமாகவே வந்தன: வேட்டை நாய்கூட மேலே வரமறுத்து வாலைச் சுருட்டுகிற இடம் நாய்திரும்பி, நாலு காலில் தத்தித் தத்தி ஏறவேண்டிய வழுக்குப்பாறை தவக்களைப்பாறை. முறைகளும் வந்தன. கொம்பில் உட்கார்ந்திருப்பது யாராயிருந்தாலும் ஊரே போய்த் தூக்க வேண்டும். பொம்பளையாயிருந்தால், உறவில்லாத ஒரு பொம்பளை கூடவே ஏறி உலர்ந்த சேலை சுற்றிவிட்ட பிறகுதான் ஆம்பளைகள் தொடலாம். ஒருதரம் தூக்கினால் தூக்கினதுதான். அவரவர் வீட்டு வாசலில் அவரவர் ஆட்கள் கைநீட்டி வாங்குகிற வரைக்கும் வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது.

பால் சொசைட்டி சன்னலில் ஒரு பைனாகுலரைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் ஊற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். புருஷன் ராத்திரி வீடு வரவில்லையென்றால் பெண்டாட்டி முதலில் கொம்பைப் பார்ப்பாள். கொம்பு காலியென்றால், "கடையிலதான் கெடக்கான் களவாணிப்பய" என்று வாரியலை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீரில் இறங்கினால், "கொம்புல போயி உக்காரப் போறியா?" என்று முதுகில் ஒன்று விழும். ஓட்டுக் கேட்டு வந்தவர் உச்சிவரை படி கட்டித் தருகிறேன் என்று கையடித்தார். இப்படியாக மலை ஊருக்கு ஒரு பதிவேடு ஆனது. கொம்பில் இருந்தால் செத்தான். கொம்பில் இல்லையென்றால் எங்கேயோ இருக்கிறான். இதில் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எல்லா ஊரிலும் போல அந்த ஊரிலிருந்தும் நாலைந்து பெண்பிள்ளைகள் இந்த வருஷங்களில் வெளியே போனார்கள். ஒருத்தி திருப்பூருக்குத் தைக்கப் போனாள், ஒருத்தி பெங்களூருக்கு நர்சு படிக்கப் போனாள், ஒருத்தி எவனோடோ போனாள். போனவர்கள் திரும்பி வரவில்லை. கொம்பில் இல்லை அல்லவா, அப்புறம் என்ன?

சிலம்பாயியின் மகள் சங்கவியும் அப்படித்தான் போனாள். சிலம்பாயி மீன் அறுத்துக் கருவாடு போடுகிறவள், வாலகுருவின் தம்பி பெத்தணனுக்கு வாக்கப்பட்டவள். மீன் எடுக்க வண்டியில் ஐஸ்பெட்டியோடு வருகிற வேற்றுச்சாதிப் பையனோடு சங்கவி பேசிக்கொண்டிருந்ததை வாலகுரு ரெண்டு தடவை பார்த்தார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கரைச் சாமிக்கு ஒரு முடிச்சுப் போட்டுவந்தால் பிள்ளை மனசு மாறும் என்று சொல்லி, பெரியப்பனும் அப்பனுமாக அவளைப் பரிசலில் கூட்டிப்போனார்கள். சிலம்பாயிதான் தலைசீவிவிட்டாள், தாவணி நழுவாமல் தோளில் ஊக்கு குத்திவிட்டாள், சாமிகிட்ட வாயைத் தொறந்து கேளுடி என்று சொல்லியனுப்பினாள். உச்சிப்பொழுதுக்குள் அண்ணனும் தம்பியும் மட்டும் திரும்பி வந்தார்கள்.

"அக்கரையில காலு வெச்ச ஒடனே ஓடிட்டா தாயி. அந்த ஐஸ்பெட்டிப் பய வண்டியோட நின்னுருக்கான்" என்றார் வாலகுரு. பெத்தணன் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான்.

சிலம்பாயி செருப்புக்கூடப் போடாமல் சொசைட்டிக்கு ஓடினாள். பைனாகுலரில் கண்ணை வைத்தாள். கொம்பு காலி. மறுநாளும் காலி. மூன்றாம் நாளும் காலி. அன்றைக்கு அவள் சொசைட்டிப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததை ஊரே பார்த்தது. "ஓடிட்டா! ஓடட்டும்! எங்கிட்டாச்சும் ஓடிப்போயிப் பொழைக்கட்டும்!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் முதல் ஆளாக வந்து கொம்பைப் பார்ப்பாள், காலியென்றால் முகம் தெளிந்து மீன் அறுக்கப் போவாள். பேரனோ பேத்தியோ பிறந்திருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பழைய சேலைகளை மெத்தென்று துவைத்துத் தொட்டிலுக்கென்று மடித்து வைத்தாள். ரெண்டு வருஷம் அந்த வெறுங்கொம்புதான் அவளுக்கு மகளிடமிருந்து வருகிற கடுதாசி.

பங்குனி மாதம் ரேஷன் கடைக்காரர் பெண்டாட்டி அன்னமயில் படித்துறையில் போர்வை அலசும்போது வழுக்கி விழுந்து மூழ்கிப் போனாள். மறுநாள் காலை கொம்பில் உட்கார்ந்திருந்தாள். சேலை சுற்றுவதற்கு வழக்கமாக ஏறுகிற பொம்பளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நான் போறேன்" என்றாள் சிலம்பாயி. இத்தனை நாள் தனக்கு நல்ல சேதி சொன்ன இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"அது வேணாம்" என்றார் வாலகுரு.

"ஏன் மாமா?"

"மூச்சு எளைக்கும் ஒனக்கு."

"எளைச்சா எளைச்சிட்டுப் போகுது. ரெண்டு நாளுல சரியாயிரும்."

கமிட்டியில் கோட்டைச்சாமி என்று ஒருவன், எழவு வீட்டிலும் சிரிக்க வைக்கிறவன். "அண்ணே, மதினி நடக்குற நடைக்கு நம்ம ஏழு பேரையும் தூளியில போட்டுத் தூக்கிட்டு எறங்கும். வரட்டும் விடுங்க" என்றான். வாலகுருவுக்கு மறுத்துச் சொல்ல வேறு காரணம் அகப்படவில்லை.

விடிந்தும் விடியாமலும் ஏரியைக் கடந்தார்கள். பெத்தணன் வரவில்லை, ரெண்டு வருஷமாக அவனுக்கு மூட்டுவலி, மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதுகூட இல்லை. தண்ணீர் விளிம்பிலேயே ஏற்றம் தொடங்கிவிட்டது. ஈத்தங்காட்டைத் தாண்டி, சரளை உருளுகிற ஓடைத்தடத்தைத் தாண்டி, நாய்திரும்பியைத் தாண்டினால் பாறையிடுக்கில் ஓர் ஊற்று. எட்டு வருஷத்துக்கு முந்தி அது கிடையாது. முதலில் கசிவாக இருந்தது, வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் கூடி இப்போது விரல் கனத்துக்கு ஓடுகிறது. சாமி ஊத்து என்று எல்லோரும் கும்பிட்டுக் குடித்தார்கள். வாலகுரு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தார்.

சிலம்பாயி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு நின்றாள். பாசி, சேறு, மீன்செதில் வாடை. முப்பது வருஷமாக மீன் அறுக்கிறவளுக்குத் தெரியாதா?

"இது பெரியதண்ணியில்ல?"

"மதினிக்குப் பன்னீரைக் குடுத்தாலும் கெண்டை வாசம்தான் அடிக்கும்" என்றான் கோட்டைச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

தவக்களைப்பாறையில் அவள் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். கால்விரல் நுழைகிற வெடிப்பைத் தேடி, கைவிரல் நுனியில் உடம்பைத் தொங்கவிட்டு, மோவாயைப் பாறையில் ஊன்றி மூச்சுவாங்கி, முழங்கால் தோல் உரிய உரிய ஏறினாள். குனிந்து பார்த்தபோது ஏரி ஒரு கண்ணாடித் துண்டாகவும் ஊர் அதன் ஓரத்தில் ஒட்டிய அழுக்காகவும் தெரிந்தது. உச்சிவெயிலுக்குக் கொம்பில் கால் வைத்தார்கள். பின்பக்கம் முழுக்க வெள்ளை மேகம் திரைபோல நின்றது. அன்னமயில் ஏரியைப் பார்த்தபடி, போர்வை அலசுகிற கையோடு உட்கார்ந்திருந்தாள். ஆம்பளைகள் திரும்பி நிற்க, சிலம்பாயி அவளுக்கு ஈரத்தைப் பிழிந்து, உலர்ந்த சேலையைச் சுற்றி, "ஆச்சு" என்றாள். தூளியில் வைத்துத் தூக்கினார்கள்.

அப்போதுதான் தன் கால்விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடுவதை அவள் கண்டாள். அன்னமயில் பக்கமிருந்து இல்லை. மேகத்துக்குள்ளிருந்து, பாறைச் சரிவில், மேலேயிருந்து கீழே வருகிறது.

"மாமா, இதுதான உச்சி?"

"இதேதான்."

"உச்சின்னா இதுக்கு மேல ஒண்ணுமில்லையில்ல?"

"ஒண்ணுமில்ல."

"அப்பத் தண்ணி எங்கருந்து எறங்குது?"

"பனி" என்றார் வாலகுரு.

"பங்குனியிலயா?"

கோட்டைச்சாமி சிரித்தான். வாலகுருவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கொஞ்சம் ஒதுங்கிட்டு வர்றேன், நீங்க நடங்க" என்றாள் சிலம்பாயி. பொம்பளை ஒதுங்கப் போகிறேன் என்றால் ஏழு ஆம்பளை என்ன செய்ய முடியும்? அவள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் போனாள்.

போகப் போக மலை முடியவில்லை. கத்திமுனைபோல ஒரு வரப்புப் பாறை, ரெண்டு பக்கமும் வெள்ளையாய்ப் பள்ளம். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். வரப்பு முடிந்த இடத்தில் பாறை மறுபடி எழுந்தது, முன்கொம்பைவிட உயரமாக. கயிறும் வளையமும் இல்லாத பாறை. தண்ணீர் வழிந்து பாசிபிடித்த தடத்தையே ஏணியாக்கி, நகம் பெயரப் பெயர ஏறினாள். மேகம் அவளுக்குக் கீழே போனது. வெயிலில் ஒரு சமதளம். ஒத்தக்கொம்பு மலைக்கு ரெண்டு கொம்பு. முன்னது பின்னதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தும் பெண்பிள்ளைகள். ஏரிக்கு முதுகு காட்டி, எந்த ஊரும் இல்லாத திசையைப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரின் துணியிலிருந்தும் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குழியில் தேங்கி, குழியிலிருந்து கீழே வழிந்துகொண்டிருந்தது. திருப்பூருக்குத் தைக்கப் போனவள் இருந்தாள். எவனோடோ போனவள் இருந்தாள். எங்கே போனாள் என்று ஊர் மறந்தேபோன ஒருத்தி இருந்தாள். பெங்களூருக்கு நர்சு படிக்கப் போன, வாலகுருவின் சொந்த மகள் பாண்டிமீனா இருந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் எம்மக அனுப்புனது என்று அவள் ஆத்தா குருவம்மா கட்டிக்கொண்டு வருகிற சேலைகளை யார் வாங்கினார்கள் என்று சிலம்பாயிக்கு அங்கே நின்றபடி தெரிந்தது. கடைசி ஆள் சங்கவி. தலை சீவினபடி இருந்தது. தோளில் குத்தின ஊக்கு மட்டும் துருப்பிடித்திருந்தது.

சிலம்பாயி கொஞ்ச நேரம் மகள் பக்கத்தில் அதேமாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.  சாமி ஊத்தில் அள்ளிக் குடித்த தண்ணீரை ஓரமாகப் போய்க் கக்கிவிட்டு வந்தாள். பிறகு சேலை முந்தானையால் மகளை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

கீழேயிருந்து வாலகுருவின் குரல் மேகத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. "ஏ சிலம்பாயி! அங்கிட்டுப் போகாத! எறங்கி வந்துரு தாயி! குடும்ப மானம்டி!"

"நீங்க எறங்குங்க மாமா!" என்று அவள் மேலேயிருந்து சொன்னாள். "தூக்குனதக் கீழ வெக்கக் கூடாது. நீங்க போட்ட முறைதான!"

வாலகுருவின் தோளில் தூளிக்கம்பு இருந்தது. அந்த இறக்கத்தில் ஏழு பேருக்கும் கை ஓய்வில்லை, மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. அவர் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

மிச்சப் பகல் முழுக்க அவள் அந்த வரப்பில் போனாள், வந்தாள். ஒவ்வொருத்தியாக முதுகில் கட்டி, பாசித்தடத்தில் இறங்கி, கத்திமுனையில் நகர்ந்து, முன்கொம்பில் கொண்டுவந்து உட்கார்த்தி, தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, ஏரியையும் ஊரையும் பார்க்க வைத்தாள். இருட்டுவதற்குள் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன தின்றாள், எப்படிக் குளிர் தாங்கினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன், தெரியாததைச் சொல்லமாட்டேன்.

காலையில் பால் சொசைட்டிக்காரர் பைனாகுலரில் கண்ணை வைத்தார். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது அசைந்தது. லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சங்கிலியை அவிழ்த்து, பைனாகுலரை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பைனாகுலர் இல்லாவிட்டால் என்ன, உற்றுப்பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் உற்றுப்பார்க்கிறவர் யாரும் இல்லை. அன்று காலையிலிருந்து அந்த ஊரில் ஒருத்தரும் தலை நிமிரவில்லை. டீக்கடையில் டம்ளருக்குள் பார்த்துப் பேசினார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டார்கள், பின்பக்கமாகவே போனார்கள். தண்ணீரில் மலையின் நிழல் விழும் என்பதால் பெண்கள் படித்துறையை விட்டுவிட்டு அடிபம்பில் துவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் கண்ணில் பூ விழும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கமிட்டி கூடியது. கொம்பில் யாராவது இருந்தால் ஊரே போய்த் தூக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் ஊரில் யாரும் மூழ்கவில்லை, யாரும் காணாமலும் போகவில்லை, எனவே அங்கே தெரிவது பாறை என்று தீர்மானம் எழுதி ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டைச்சாமியும் போட்டான். அதற்கப்புறம் அவன் சிரிக்கவைக்க எதுவும் பேசியதில்லை.

"வெளியில என்ன, ஒரே அமைதியா இருக்கு?" என்று கேட்டாள் குருவம்மா.

"வெயிலு" என்றார் வாலகுரு. "கண்ணு கூசும். வெளிய வராத."

மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் காலையில், மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பெத்தணன் எழுந்து, ரெண்டு வருஷமாகத் தொடாத துடுப்பை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு நடந்தான். ஊர் அவன் கால்களை மட்டும் பார்த்தது. அவன் ஏரியைக் கடந்தான். ஈத்தங்காட்டில் விழுந்து எழுந்தான். சாமி ஊத்து வற்றிக் கிடந்தது, அதை மிதித்துக்கொண்டு ஏறினான். தவக்களைப்பாறையில் ரெண்டு தடவை கைநழுவி, மூன்றாம் தடவை பல்லால் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலே வந்தான்.

"மூட்டுவலி தேவலையா?" என்றாள் சிலம்பாயி. உதடு வெடித்திருந்தது.

அவன் வரிசையைப் பார்த்தான். ஐந்து பேர் முகத்திலும் ஈரமுடி விழுந்து ஒட்டியிருந்தது. மூன்று நாள் காற்றில் கலைந்த அந்த முடியை அவள் ஒதுக்கிவிடவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான், மறுபடி பார்த்தான்.

"சிலம்பு, நம்ம புள்ள எது?"

அவள் அவனையே பார்த்தாள். "தெரியலயா?"

"தெரியல. அன்னிக்கு நான் அவ மூஞ்சியப் பாக்கல. முன்னுக்கு உக்காந்து துடுப்புப் போட்டுக்கிட்டிருந்தேன். அப்பான்னு ஒரு தடவ கூப்புட்டா. திரும்பல."

"கூப்புட்டாளா?"

"ஒரு தடவ. ரெண்டாவது பாதிதான் வந்துச்சு." அவன் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினான். "நான் தொடல சிலம்பு. அண்ணன்தான். சத்தியமா நான் கைவெக்கல."

"துடுப்பு யாரு கையில இருந்துச்சு?"

காற்று ஈரத்துணிகளைப் படபடக்க வைத்தது.

"எங்கையில."

"அப்பத் தூக்குங்க."

"எதத் தூக்க?"

"கிட்டக்க இருக்குறதத் தூக்குங்க. நம்ம புள்ள கடைசி."

அவன் குனிந்து, கிட்டத்தில் இருந்தவளைத் தூக்கி முதுகில் போட்டான். சிலம்பாயி கயிற்றை எடுத்து அவளை அவனோடு சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது முடி விலகி முகம் தெரிந்தது. தன் மகள் இல்லை என்று கண்டுகொண்டான். யார் மகள் என்றும் கண்டுகொண்டான். இறங்கினான். ஏழு பேர் சேர்ந்து தூக்குகிற பாரத்தை ஒற்றை ஆளாய், வழியில் ஓர் இடத்திலும் வைக்காமல், நின்றபடியே மூச்சுவாங்கி, பரிசலிலும் முதுகைச் சாய்க்காமல் கொண்டுவந்தான்.

பட்டப்பகலில் தெருவழியாக நடந்தான். தெருவில் ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. வாலகுரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"அண்ணே, கதவத் தெற."

உள்ளே ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, பாண்டிமீனா வந்திருக்கு. நனைஞ்சுபோயி வந்திருக்கு. கைநீட்டி வாங்கிக்க."

கதவு திறக்கவில்லை. அவன் நின்றான். கீழே வைக்கக் கூடாது என்பதால் நின்றான். அவள் பாவாடை விளிம்பிலிருந்து சொட்டின தண்ணீர் படியில் வழிந்து, வாசலில் தேங்கி, கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனது. வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. திறந்தவள் குருவம்மா. அவளுக்குப் பின்னால் வாலகுரு தட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தார், கை சோற்றில் இருந்தது, தின்னவும் இல்லை, எழவும் இல்லை.

குருவம்மா மகளைப் பார்த்தாள். போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். அதன் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகம் நனைந்தது.

"எங்கனடா இருந்துச்சு எம்புள்ள?"

"இங்கனதான் மதினி" என்றான் பெத்தணன். "நம்ம மலையிலதான்."

அவள் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கின பாரத்தில் மடிந்து வாசலிலேயே உட்கார்ந்தாள். பெத்தணன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்குத் திரும்பி நடந்தான். மேலே இன்னும் நாலு பேர். அவன் கூட யாரும் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அவன் ஐந்தாவதாகத் தன் மகளைக் கட்டிக்கொண்டு, பின்னால் சிலம்பாயி அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு இறங்கின நாளிலும் வரவில்லை. வாசலில் வாங்குவதற்கு ஆள் இல்லையென்பதால் சிலம்பாயியே முன்னால் ஓடி, கதவைத் திறந்து உள்ளே போய், திரும்பி நின்று கையை நீட்டினாள்.

இவ்வளவுதான். இதை நீங்கள் சந்தையில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால், பல்லில்லாத எவனோ ஒரு கிழவன், பாதி வழியில் இறங்கிப் போய்விட்டான் என்று சொல்லுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.